சுழி போட்ட மாதங்கள்

தேசியக் குடும்ப நல ஆய்வின் அடுத்த சுற்றுக்குக் கேள்வித்தாள் எழுதப்போகிறவர்களுக்கு,

வணக்கம்.

நான் பதினெட்டு வருடம் கள ஆய்வாளராக இருந்தவள். உங்கள் ஆய்வில் இல்லை. அதைவிடச் சிறிய, இப்போது பெயர்கூட யாருக்கும் நினைவில்லாத ஆய்வுகளில். வெயிலில் நடந்து, திண்ணையில் உட்கார்ந்து, ‘வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?’ என்று ஆரம்பித்து, நாற்பது நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தை எல்லாம் கட்டங்களில் நிரப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும் வேலை. இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து பழைய தப்புகளை யோசித்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்: ஒரு பெண் கருத்தரிக்க எத்தனை மாதம் ஆகிறது என்று எண்ணியதில் செய்த தப்பு.

தருமபுரி பக்கம் ஒரு கிராமம். அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். கேள்வி: ‘குழந்தைக்காக எத்தனை மாதமாக முயற்சி செய்கிறீர்கள்?’ எழுத இரண்டு கட்டம். அவள் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது: “ரெண்டு வருஷம் முடிஞ்சுபோச்சும்மா, இன்னும் ஒரு விசேஷமும் காணோம்.” நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். தாகம் இல்லை, மாமியாரை எழுப்பி அனுப்ப எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அந்த ஒரு நிமிடத்தில் அவள் சொன்னாள்: “அவரு கல்யாணமாகி ரெண்டு மாசத்துல குவைத்துக்குப் போயிட்டாருக்கா. நடுவுல ரெண்டு மாசம் லீவுல வந்தாரு. இப்ப திரும்பி வந்து அஞ்சு மாசம் ஆச்சு. மொத்தமா கூட்டுனா ஒம்பது மாசந்தான். அதுலயும் ஆடிக்கு நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன்.”

இருபத்து நான்கா, ஒன்பதா, எட்டா? சந்தேகம் வந்தால் கல்யாணத் தேதியிலிருந்து கணக்குப் போடுங்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான் 24 என்று எழுதினேன். அந்த நொடியில் அவள் அட்டவணையில் குழந்தைப்பேறின்மைக் கட்டத்துக்குள் போய்விட்டாள். எட்டு என்று எழுதியிருந்தால் ஊரில் இருக்கும் நூறு பெண்களில் ஒருத்தியாக இருந்திருப்பாள்.

அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது இன்று வெறும் மருத்துவப் பேச்சு இல்லை, சட்டம். 2021-இல் வந்த உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், தடுப்பு எதுவுமின்றிச் சேர்ந்திருந்து ஒரு வருடம் கழித்தும் கருத்தரிக்காததைக் குழந்தைப்பேறின்மை என்கிறது. அதற்கு முன் 2019-இல் கொண்டுவந்த வாடகைத்தாய் மசோதாவில் அதுவே ஐந்து வருடம் என்று இருந்தது. மாநிலங்களவைத் தேர்வுக் குழு அது மிக நீண்ட காலம் என்று சொல்லி அந்த விளக்கத்தையே எடுக்கச் சொன்னது. ஒரு வருடமா ஐந்து வருடமா என்று நாடாளுமன்றமே பேசியிருக்கிறது. அந்த ஒரு வருடத்தை எந்த நாளிலிருந்து, எப்படி எண்ணுவது என்பதுதான் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பிரச்சினை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், இந்தக் கணக்கைப் போடத் தேவையான பாதிப் பொருள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. ஐந்தாம் சுற்றில், 2019 முதல் 2021 வரை, 15 முதல் 49 வயதுவரையான 7,24,115 பெண்களிடம் பேசியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வித்தாளில் ஒரு நாட்காட்டி இருக்கிறது. கடந்த ஐந்து வருடச் சொச்சத்தில் மாதத்துக்கு ஒரு கட்டம். குழந்தை பிறந்த மாதம், வயிற்றில் இருந்த மாதங்கள், கலைந்த மாதம், காப்பர்-டியோ மாத்திரையோ ஆணுறையோ பயன்படுத்திய மாதங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. எதுவும் பயன்படுத்தாத மாதத்துக்குச் சுழி, அதாவது பூஜ்யம்.

அந்தச் சுழிதான் என் பேச்சு. புருஷன் குவைத்தில் இருந்த மாதத்துக்கும் சுழி. குழந்தை வேண்டுமென்று கோவில் கோவிலாக ஏறி இறங்கிய மாதத்துக்கும் சுழி. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, இன்னும் விலக்கே வராமல் இருந்த மாதத்துக்கும் அதேதான். ஆடிக்கு அம்மா வீட்டில் இருந்த மாதம், சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாகப் படுத்த மாதம், எல்லாம் ஒரே வட்டத்துக்குள். கணினியில் உட்கார்ந்து அந்த வரிசையைப் பார்ப்பவருக்குப் பத்துச் சுழி என்றால் பத்து மாதக் காத்திருப்பு என்றுதான் தோன்றும்.

ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு என்பதைத் தனி அளவாகப் பெயர் வைத்துக் கணக்கிட்டவர் இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜீனி, 1924-இல். வருமான ஏற்றத்தாழ்வுக்கு ஒரு குறியீடு இருக்கிறதே, அதே ஜீனிதான். அந்த அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜெர்மனியில் 346 பெண்களைப் பின்தொடர்ந்து 2003-இல் வெளியான ஒரு ஆய்வில், முதல் மாதவிடாய்ச் சுழற்சியிலேயே 38 விழுக்காட்டினர் கருத்தரித்தார்கள். மூன்று சுழற்சிக்குள் 68, ஆறுக்குள் 81, பன்னிரண்டுக்குள் 92. (அவர்கள் கருத்தரிக்கக்கூடிய நாட்களைக் கவனித்துவந்த பெண்கள். அதனால் இந்த வேகத்தை அப்படியே ஊருக்கெல்லாம் பொருத்தக்கூடாது.) எல்லோருக்கும் மாதம் 38 விழுக்காடு வாய்ப்பு என்று இருந்திருந்தால், ஒரு வருடம் கழித்து நூறில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார். ஆனால் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். சட்டென்று ஆகிறவர்கள் முதலிலேயே வரிசையை விட்டுப் போய்விடுகிறார்கள். மிஞ்சி நிற்பவர்கள் இயல்பிலேயே தாமதமாகிறவர்கள். அதனால்தான் யாரைக் கேட்கிறோம், வரிசையின் எந்த இடத்தில் நின்று கேட்கிறோம் என்பதை வைத்து விடையே மாறிப்போகிறது.

எங்கள் சிறு ஆய்வுகளில் வழக்கமாகச் செய்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப் நாளன்று போய் உட்கார்ந்துகொள்வது. கர்ப்பிணிகள் தாமாகவே வரிசையில் வருவார்கள். ‘எத்தனை மாதத்தில் ஆச்சு?’ என்று கேட்டால் பதில் வரும். செலவும் குறைவு. ஒரு நாளில் நாற்பது தாள் நிரம்பும். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் ஜெயித்தவர்கள். இன்னும் காத்திருப்பவள் அங்கே வரவே மாட்டாள். வந்தாலும் அந்தப் பெஞ்சில் உட்கார மாட்டாள். கருத்தரிப்பு மையங்களில் போய்க் கேட்டாலோ இதற்கு நேர் தலைகீழ். அங்கே தாமதமானவர்கள் மட்டும், அதிலும் பணம் புரட்ட முடிந்தவர்கள் மட்டும். இந்த இரண்டு இடத்து எண்களையும் கூட்டி வகுத்து ஊரின் கணக்கு என்று சொல்ல முடியாது.

ஞாபகத்தை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. ஓரளவு நம்பலாம். இங்கிலாந்தில் மைக்கேல் ஜோஃபே குழுவினர் 1990-களில் பெண்களின் ஞாபகத்தைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பல வருடம் கழித்துக் கேட்டாலும் கூட்டமாகப் பார்க்கும்போது விடை பெரிதாகப் பிசகவில்லை; தனி ஒருத்தியின் விடை மட்டும் முன்னே பின்னே இருந்தது. என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய தொல்லை ‘ஒரு வருஷம்’. பத்து மாதமும் ஒரு வருஷம்தான், பதினான்கு மாதமும் ஒரு வருஷம்தான். பதில்களைப் படம் போட்டுப் பார்த்தால் ஆறிலும் பன்னிரண்டிலும் இருபத்து நான்கிலும் குன்று குன்றாக நிற்கும். நம் எல்லைக்கோடும் சரியாகப் பன்னிரண்டில்! அந்தக் குன்றைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு விழுக்காடு, அந்தப் பக்கம் தள்ளினால் வேறு விழுக்காடு.

இதற்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் மாதப் பெயர். ‘எத்தனை மாதம்?’ என்று கேட்டால் உருண்டையாக ஒரு எண் வரும். ‘கல்யாணம் எந்த மாசம்? பொங்கலுக்கு எங்கே இருந்தீங்க? அப்போ நாள் தள்ளிப்போயிருந்ததா?’ என்று கேட்டால், “ஆவணியில கல்யாணம், தையில முழுகாம இருந்தேன்” என்று வரும். விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாம். உங்கள் கோப்புகளில் தேதிகளை எல்லாம் 1900 ஜனவரியை ஒன்று என்று வைத்து மாத எண்ணாக மாற்றுகிறீர்கள். 2018 நவம்பரில் கல்யாணம் என்றால் 1427. அந்தக் கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும். பெண் பேசுவது ஆவணியிலும் தையிலும்.

ஆடிக்கு வருகிறேன். சித்திரை வெயிலில் பிரசவம் ஆகக்கூடாது என்று புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம் இங்கே இருக்கிறது. இப்போது பலர் விட்டுவிட்டார்கள். சிலர் பேருக்கு ஒரு வாரம் போய்விட்டு வருகிறார்கள். சிலர் முழு மாதமும். வைகாசியில் கல்யாணமானவளுக்கு இரண்டாவது மூன்றாவது மாதத்திலேயே ஆடி குறுக்கே வந்துவிடும். ஆவணியில் கல்யாணமானவளுக்கோ கிட்டத்தட்ட ஒரு வருடம் தடையில்லை. கல்யாணத் தேதியிலிருந்து மட்டும் எண்ணினால், வைகாசிப் பெண்களுக்குக் கருத்தரிக்கத் தாமதமாவதுபோலவும் ஆவணிப் பெண்களுக்குச் சீக்கிரம் ஆவதுபோலவும் தெரியும். யாராவது ஒரு கெட்டிக்கார மாணவர் அதைக் கோடை வெப்பத்தோடும் மாம்பழத்தோடும் முடிச்சுப் போட்டுக் கட்டுரையே எழுதிவிடுவார்.

‘ஒரு மாநிலத்தின் பழக்கத்துக்காக நாடு முழுமைக்குமான தாளை மாற்ற முடியுமா?’ என்று கேட்பீர்கள். கல்யாணமாகியும் கௌனா, அதாவது பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் சடங்கு, நடக்காதவர் என்று ஒரு தனிக் கட்டம் உங்கள் தாளில் இருக்கிறதே! எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லே யாருக்கும் தெரியாது. வடக்கே தேவைப்பட்டது, வைத்தீர்கள், சரிதான். ஆடி மட்டும் இல்லை, வளைகுடா வேலை, ராணுவம், லாரி, செங்கல் சூளை என்று தம்பதி பிரிந்திருக்கும் மாதம் எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. நாட்காட்டியில் ‘பிரிந்திருந்த மாதம்’ என்று இன்னொரு குறி போதும்.

சரி, தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்தால் என்ன? சுத்தமான முறை அதுதான். அமெரிக்காவில் வடக்குக் கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ், கிளாரிஸ் வைன்பெர்க், டோனா பேர்ட் ஆகியோர் 1982 முதல் 1986 வரை 221 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். கருத்தடையை நிறுத்திய நாளிலிருந்து தினமும் காலையில் முதல் சிறுநீரைப் பிடித்து வீட்டு ஃப்ரீஸரில் வைக்க வேண்டும். அந்தப் பெண்களின் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. உண்டான கருக்களில் 22 விழுக்காடு, பெண்ணுக்கே தெரியும்முன் கலைந்துபோனது அதில்தான் தெரிந்தது. கருமுட்டை வெளிவரும் நாளோடு முடியும் ஆறு நாட்கள்தான் மாதத்தில் கருத்தரிக்கும் நாட்கள் என்பதும் அதிலிருந்து வந்ததே. டென்மார்க்கில் 1992-இல் இதேபோல் தொடங்கியபோது, தொழிற்சங்க உறுப்பினர்கள் ஐம்பத்திரண்டாயிரம் பேருக்குமேல் கடிதம் அனுப்பிக் கடைசியில் கிடைத்தது 430 ஜோடி.

அங்கேயே அப்படி என்றால் இங்கே யார் வந்து ‘இந்த மாதத்திலிருந்து நாங்கள் ஆரம்பிக்கிறோம்’ என்று பெயர் கொடுப்பார்கள்? முயற்சி என்ற சொல்லே நம் வீடுகளில் பொருந்தவில்லை. நான் அந்தக் கேள்வியை வாசிக்கும்போதெல்லாம் பெண்கள் முழித்தார்கள்; சிலர் சிரித்தார்கள். “முயற்சின்னா ஆஸ்பத்திரிக்குப் போறதாக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். கல்யாணமாகிவிட்டால் குழந்தை வரும். வேண்டாமென்றால்தான் ஏதாவது செய்ய வேண்டும். அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: தள்ளிப்போடுவது. ‘தள்ளிப்போடுறீங்களா?’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத் தாளில் இருக்கும் ‘முயற்சி’யை அப்படியே தமிழாக்கித் தருகிறவர்கள் ஒருமுறை திண்ணையில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது வேறு. 2002-இல் டென்மார்க் புள்ளியியலாளர் நீல்ஸ் கைடிங்கும் சகாக்களும் ஒரு வழி காட்டினார்கள். யாரையும் பின்தொடர வேண்டாம். ஒரே நாளில் ஊரில் இப்போது காத்திருப்பவர்களைப் பிடித்து, ‘இதுவரை எத்தனை மாதம் ஆயிற்று?’ என்று மட்டும் கேட்கலாம். காத்திருப்பு எப்போது முடியும் என்பது தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றார்கள். முதலில் கேட்கும்போது எனக்கு இது ஏமாற்றுவேலைபோல்தான் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் போய்ப் பார்த்தால் வந்தவுடன் பஸ் கிடைத்துப் போனவர் கண்ணில் படமாட்டார். மணிக்கொரு முறை வரும் டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்தான் அகப்படுவார். அதுபோல இந்த முறையிலும் நெடுநாள் காத்திருப்பவர்களே அதிகமாக அகப்படுவார்கள். ஆனால் அந்தச் சாய்வு எவ்வளவு என்பது தெரிந்த சாய்வு. கணக்கிலேயே அதை நிமிர்த்திவிடலாம். இன்று காத்திருப்பவர்களில் முதல் மாதத்தில் இருப்பவர் 100 பேர், பதின்மூன்றாம் மாதத்தில் இருப்பவர் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதாமாதம் புதிதாகக் காத்திருக்கத் தொடங்குபவர் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை என்றால், தொடங்குகிற நூறு பேரில் பதினைந்து பேர் ஒரு வருடத்தைத் தாண்டுகிறார்கள். அவ்வளவுதான். குவைத்துக்காரர் மனைவியும், ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவளும் இதில் எண்ணப்படுவார்கள்.

இதனால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே 2002-இல் எடுத்த ஒரே தேசிய ஆய்வின் தரவை இரண்டு விதமாகக் கணக்கிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். கல்யாணம், கருத்தடை, பிரசவம் பற்றிய விடைகளைக் கோத்து உருவாக்கும் பழைய முறையில் குழந்தைப்பேறின்மை 7 விழுக்காடு. நடப்புக் காத்திருப்பை வைத்துப் போட்டபோது 15.5. பெண்களும் அவர்கள்தான், வருடமும் அதுதான்.

இந்த முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. முழுக் கணக்கும் அந்த முதல் மாதத்து நூறு பேரை வைத்து நிற்கிறது. வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பவர்களும் அவர்களேதான். மூன்று வருடம் ஆனவள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். போன மாதம் மாத்திரையை நிறுத்தியவள் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா’ என்று முடித்துவிடுவாள். முதல் மாதத்தவர்கள் குறைவாகப் பதிவானால் ஒரு வருடம் தாண்டுபவர்களின் விழுக்காடு ஊதிப்போகும். வெறுத்துப்போய் விட்டுவிட்டவர்களும் வரிசையிலிருந்து மறைவார்கள். அவர்கள் கருத்தரித்துப் போனதாகக் கணக்குத் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அதனால் கேள்வி ஒன்று போதாது, நான்கு வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘இப்போது நீங்கள் இரண்டு பேரும் குழந்தையைத் தள்ளிப்போட ஏதாவது செய்கிறீர்களா? இல்லையென்றால், எந்த மாதத்திலிருந்து எதுவும் செய்யாமல் சேர்ந்திருக்கிறீர்கள்? அதற்குப் பிறகு எந்தெந்த மாதம் பிரிந்திருந்தீர்கள்? நடுவில் எப்போதாவது நாள் தள்ளிப்போய்க் கலைந்ததா?’ கடைசிக் கேள்வி முக்கியம். இரண்டே மாதத்தில் கரு உண்டாகிக் கலைந்தவளுக்கும், இரண்டு வருடமாக எதுவுமே ஆகாதவளுக்கும் மருத்துவர் பார்க்க வேண்டியது வேறு வேறு. காத்திருப்பின் கடிகாரம் கரு உண்டான மாதத்தில் நிற்க வேண்டும், தொட்டில் கட்டும் நாளில் இல்லை. மருந்துக்கடையில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை சுலபமாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில் முன்பைவிடச் சீக்கிரமே கரு தெரிந்துவிடுகிறது என்பதையும், பழைய எண்ணோடு ஒப்பிடும்போது மறக்கக்கூடாது.

‘இரண்டு பேரும்’ என்று நான் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். மலடி என்ற சொல் தெரியாத ஊர் இல்லை. மலடன் என்று யாரையாவது யாராவது கூப்பிட்டு நான் பதினெட்டு வருடத்தில் கேட்டதில்லை. 1977-இல் கலிபோர்னியாவின் லாத்ரப்பில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் வேலை பார்த்த ஆண்கள், நம்மில் யாருக்கும் ஏன் கொஞ்ச காலமாகக் குழந்தை பிறக்கவில்லை என்று தாங்களாகவே பேசிக்கொண்டார்கள். பரிசோதித்தால் பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அங்கே கையாண்ட டிபிசிபி என்ற பூச்சிமருந்தின் வேலை. ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கவில்லை; டீக்கடைப் பேச்சுபோல ஒன்றில்தான் தெரியவந்தது. கருத்தரிக்க ஆகும் காலம் ஜோடிக்கு உரிய அளவு. அதை ஆணிடமும் கேட்கலாம். ஐந்தாம் சுற்றில் 1,01,839 ஆண்களிடம் பேசினீர்கள். அவர்களிடமும் அந்த நான்கு கேள்வியைக் கேளுங்கள். வேலை பார்க்கும் இடத்தையும் சேர்த்துக் கேட்டால் இன்னொரு லாத்ரப்பை முன்கூட்டியே பார்க்கலாம்.

மாவட்டத் தலைநகரம் ஒவ்வொன்றிலும் பஸ் நிலையத்துக்கு எதிரே கருத்தரிப்பு மையத்தின் பெரிய பலகை நிற்கிறது. கல்யாணமான மூன்றாவது மாதமே ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கத் தொடங்கும் ஊர் இது. எட்டு மாதம் காத்திருந்த பெண்ணிடம் ‘பயப்படாதே, உன்னைப்போல நூறில் இத்தனை பேர் இருக்கிறார்கள்’ என்று சொல்ல, ஜெர்மன்காரர்களின் எண்ணைத்தான் இன்னும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு கள யோசனை. கேள்வித்தாளை முன்கூட்டிச் சோதித்துப் பார்க்க ஆட்களை அனுப்பும்போது, தமிழ்நாட்டில் மட்டும் ஆடி மாதத்தில் அனுப்புங்கள். முதல்நாள் இரவு அந்த வீட்டில் தங்கியவர்களையும் சேர்த்துக்கொள்வது உங்கள் வழக்கம் என்பதால், தாய்வீட்டுக்கு வந்திருக்கும் புதுப்பெண்ணும் பட்டியலில் வருவாள். அங்கே மாமியார் இருக்க மாட்டார். அம்மா பக்கத்தில் வந்து உட்காருவார். அவரிடம் தண்ணீர் கேட்காதீர்கள், செம்பு திண்ணையிலேயே தயாராக இருக்கும். மோர் கேளுங்கள். கடைந்து கொண்டுவர ஐந்து நிமிடமாவது ஆகும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கள ஆய்வாளர்